பனி விலகிய நிலத்தின் முதல் குடிகள்

பனியாறு பின்வாங்கிய இடத்தில் கண்ணுக்குத் தெரிவதெல்லாம் கல்லும் சரளையும்தான். செடி வந்து, இலை உதிர்ந்து மக்கிய பிறகே அங்கே மண் உண்டாகும் என்று நினைத்துக்கொள்கிறோம். ஆனால் செடிக்கு முன்பே நுண்ணுயிர்கள் அந்த வேலையைத் தொடங்கிவிடுகின்றன. பெரு நாட்டின் ஆண்டிஸ் மலையில், ஏறத்தாழ 5,000 மீட்டர் உயரத்தில் உள்ள பூக்கா பனியாற்றை ஒட்டி நடந்து 2008-இல் வெளியான ஆய்வு இதற்கு நல்ல சான்று. அந்தக் குளிரில் புல்லோ லைக்கனோ தலைகாட்டவே பல ஆண்டுகள் ஆகும். ஒளிச்சேர்க்கை செய்யும் நுண்ணுயிர்களான சயனோபாக்டீரியாக்களோ பனி விலகி 4, 5 ஆண்டுகளுக்குள் வகைவகையாகக் குடியேறிவிட்டன. காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மண்ணில் சேர்க்கும் வேகமும் ஏறத்தாழ 100 மடங்கு கூடியிருந்தது. இவற்றில் பல, நூல்நூலாக வளர்பவை. வழவழப்பான பசையைச் சுரந்து துகளோடு துகளை ஒட்டவைப்பதால், காற்றில் பறந்துவிடக்கூடிய பாறைப்பொடி மெல்லிய ஓடாக இறுகுகிறது. ஸ்விட்சர்லாந்தின் டம்மா பனியாற்றடியில் எடுத்த பாக்டீரியாக்கள், ஆக்சாலிக் அமிலம் போன்றவற்றைச் சுரந்து கருங்கல் தூளையே கரைப்பதைச் சோதனைக்கூடத்தில் பார்த்திருக்கிறார்கள். பின்னால் வரும் வேருக்கு இரும்பும் கால்சியமும் கிடைக்க இதுவும் ஒரு வழி.

பூக்காவில் நடந்தது போன்ற ஆய்வுகளின் முறையையே சந்தேகிப்பவர்கள் உண்டு. நூறாண்டு மாற்றத்தை உட்கார்ந்து பார்க்க முடியாது என்பதால், பனி விளிம்பிலிருந்து விலகிச் செல்லச் செல்லக் கிடைக்கும் மூத்த மண்ணை, இளைய மண்ணின் எதிர்காலமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஐயம் நியாயமானதுதான். அலாஸ்காவின் கிளேசியர் பே பகுதியில் சூழலியலாளர் வில்லியம் கூப்பர் 1916-இல் குறித்துவைத்த நிலச் சதுரங்களை நூறாண்டு கழித்துத் தேடிக் கண்டுபிடித்தபோது, பாடநூல் சொன்ன வரிசையில் செடிகள் வந்திருக்கவில்லை. ஆகவே, எந்த மரம் எப்போது வரும் என்று இம்முறையால் அறுதியிட முடியாது. ஆனால் பூக்காவில் ஒப்பிட்டது சில ஆண்டு இடைவெளியுள்ள மண்களை. அவ்வளவு குறுகிய காலத்தில் பிழைக்கான இடமும் குறைவு.

பனி போனால் என்ன, பசுமை வந்து கரியமிலவாயுவை உறிஞ்சிக்கொள்ளுமே என்பது இன்னொரு வாதம். இதை என்னால் ஏற்க முடியவில்லை. நார்வேயின் மிட்டால்ஸ்பிரீன் பனியாற்றோரம், உருகும் பனி 21,000 ஆண்டுப் பழைய கரிமத்தை வெளியே விடுகிறது. அதை நீரிலுள்ள சிறு ஈக்களின் புழுக்கள் தின்ன, அந்த ஈக்களைச் சிலந்திகளும் வண்டுகளும் தின்கின்றன. உயிரோடு ஓடித்திரியும் அவற்றின் உடலில், கதிரியக்கக் கரிமக் கணக்குப்படி 1,100 ஆண்டு வரை வயது காட்டியது. இப்படி உணவாகும் பழைய கரிமத்தில் ஒரு பகுதி மூச்சாக வெளியேறி மீண்டும் காற்றில்தான் கலக்கும். செடிகள் பரவி மண்ணில் மக்கு சேர்வதற்கோ பல பத்தாண்டுகள் வேண்டும்.