உங்களுக்குத் தெரியுமா? காலை இழந்த காட்டெருமை

1937-ல் அமெரிக்காவின் டென்வர் நாணயச்சாலையில் அடித்த சில 5 சென்ட் காசுகளில் காட்டெருமைக்கு மூன்று கால்தான். முன்னங்கால் ஒன்றைக் காணோம். குளம்பு மட்டும் தரையில் நிற்கிறது! காரணம், அளவுக்கு மீறிய பாலிஷ்.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் டை செய்யும் பட்டறைக்காரர்களுக்கு இது சட்டென்று புரியும். காசில் மேடாகத் தெரிவதெல்லாம் அதை அடிக்கும் அச்சான டையில் பள்ளம். நடுவே காசுத்தகடு இல்லாமல் இரண்டு டைகளும் மோதிக்கொண்டால், ஒன்றின் தடம் மற்றதில் பதிந்துவிடும். அதைப் போக்க டையின் முகத்தைத் தேய்ப்பார்கள். முகம் தேயத் தேயப் பள்ளங்களின் ஆழம் குறையும். ஆழம் குறைந்த மெல்லிய கோடுகள் முதலில் மறையும். டென்வரில் பலியானது அந்தக் கால்.

நம் காசுகளில் ஆண்டுக்குக் கீழே எந்த நாணயச்சாலை என்று காட்டும் குறியைப் பாருங்கள்: வைரம் மும்பை, நட்சத்திரம் ஹைதராபாத், புள்ளி நொய்டா. கொல்கத்தாவுக்குக் குறியே கிடையாது. எனவே டை தேய்ந்தோ, பள்ளத்தில் கிரீஸ் அடைத்தோ குறி விழாமல் போன நொய்டா காசைக் கொல்கத்தா காசு என்று நினைத்துவிடலாம். சேகரிப்பவர்கள் அவசியம் கவனிக்க வேண்டிய இடம் இது.

'அரிய காசு' என்று யாராவது விலை சொன்னால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். டையைப் பாலிஷ் செய்த கீறல்கள் காசில் மேடான மெல்லிய கோடுகளாக விழும். கோடுகள் பள்ளமாக இருந்தால், யாரோ காசையே சுரண்டியிருக்கிறார்கள்.