கடற்கரையில் மாளிகை எழுமுன் கேட்க வேண்டிய கேள்விகள்



ஒரு தோட்டத்துச் சமூக மண்டபத்தில் உரையாற்றிவிட்டுத் திரும்பும் வேளையில், பால்வெட்டும் அம்மையார் ஒருவர் என்னை நிறுத்தி ஒரு கேள்வி கேட்டார். "ஐயா, என் மகனுக்குப் பால்வெட்டுத் தொழிலில் விருப்பமில்லை. கடற்கரையில் பெரிய தங்கும் விடுதி கட்டப் போகிறார்களாம். அங்கே வேலைக்குப் போகிறேன் என்கிறான். ஆனால் அந்தக் கரையில் வாழ்பவர்கள் விடுதியே வேண்டாம் என்கிறார்களாமே, அது ஏன்? நாலு பேருக்கு வேலை கிடைப்பது நல்லதுதானே?"

நியாயமான கேள்வி. இதற்கு விடை காண நான் உங்களை மெக்சிகோ நாட்டிலுள்ள ஒரு சிற்றூருக்கு அழைத்துச் செல்ல விரும்புகிறேன். அவ்வளவு தொலைவு செல்வதற்குக் காரணம் உண்டு. அவ்வூரில் வழக்கு எழுந்து, இரு தரப்பு வாதங்களும் வெளிவந்து, அரசாங்கம் முடிவும் கூறிவிட்டது. முடிந்துபோன வழக்கிலிருந்து பாடம் கற்பது எளிது.

ஊரும் கடலும்

மெக்சிகோவின் மேற்கே, பாகா கலிபோர்னியா என்னும் நீண்ட தீபகற்பம் உள்ளது. அதன் தென்கிழக்குக் கரையில், கலிபோர்னியா வளைகுடாவை நோக்கி அமைந்த ஊர் காபோ புல்மோ. மக்கள் தொகை ஏறக்குறைய நூறு. மழை அருகிய வறண்ட நிலம். ஊருக்கு மின்கம்பி வரவில்லை; சூரிய ஒளியிலிருந்தே மின்சாரம் பெறுகின்றனர். ஆனால் கரைக்கு முன்னால் கடலுக்கடியில் ஒரு செல்வம் இருக்கிறது. அதுவே பவளப்பாறை. மீன்கள் முட்டையிடவும், குஞ்சுகள் ஒளிந்து வளரவும் இப்பாறையே வீடு.

இவ்வூர்க் குடும்பங்கள் முன்பு முத்துக் குளித்து வாழ்ந்தவை. முத்துச் சிப்பிகள் அருகிய பின்னர் மீன்பிடித் தொழிலுக்கு மாறின. 1980-களில் மீனும் குறையத் தொடங்கியது. படகு மேலும் மேலும் தொலைவு சென்றது; வலையில் விழுந்ததோ வரவர மெலிந்தது. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஊராரோடு பேசி, பாறை அழிவின் விளிம்பில் நிற்பதை எடுத்துக் கூறினர். ஊரார் தங்கள் பிழைப்பையே பணயம் வைத்து ஒரு முடிவு எடுத்தனர்: மீன்பிடிப்பதை நிறுத்துவது. அவர்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க, 1995-ஆம் ஆண்டு அரசாங்கம் 7,111 ஹெக்டர் பரப்பை, அதாவது 17,500 ஏக்கருக்குச் சற்று மேற்பட்ட பகுதியை, தேசியக் கடற்பூங்காவாக அறிவித்தது. சட்டம் பூங்காவின் ஒரு பகுதியில் மட்டுமே மீன்பிடிப்பை முற்றாகத் தடை செய்தது. ஊராரோ பூங்கா முழுவதிலும் வலை வீசுவதைக் கைவிட்டனர்.

பயன் உடனே கிடைக்கவில்லை. எனினும் 1999-க்கும் 2009-க்கும் இடையில் அங்குள்ள மீன்களின் மொத்த எடை ஹெக்டருக்கு 0.75 டன்னிலிருந்து 4.24 டன்னாக உயர்ந்தது என 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. இது 463 விழுக்காட்டு உயர்வாகும். மீன் பிடித்தவர்கள் இப்போது மீனைக் காட்டிப் பிழைக்கின்றனர். உல்லாசப் பயணிகளைப் படகில் அழைத்துச் செல்கின்றனர், கடலுக்கடியில் வழிகாட்டுகின்றனர், சிறு விடுதிகளும் உணவகங்களும் நடத்துகின்றனர். 2005-இல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ அமைப்பு, அவ்வளைகுடாவின் உலகப் பாரம்பரியப் பகுதிகளுள் இதனையும் சேர்த்தது.

பெருந்திட்டம் வந்தது

இந்நிலையில், பூங்காவின் வடக்கெல்லையை ஒட்டிய நிலத்தில் ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று மாபெரும் உல்லாசத்தலம் அமைக்க முன்வந்தது. திட்டத்தின் பெயர் காபோ கோர்தேஸ். பரப்பு ஏறத்தாழ 3,800 ஹெக்டர். தங்கும் அறைகள் ஏறக்குறைய 30,000. அவற்றோடு கோல்ப் திடல்கள், 490 படகுகள் நிற்கத்தக்க படகுத்துறை, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை ஆகியவையும் திட்டத்தில் இருந்தன. நூறு பேர் வாழும் ஊருக்குப் பக்கத்தில் முப்பதாயிரம் அறைகள்! 2008-இல் மெக்சிகோவின் சுற்றுச்சூழல் அமைச்சு நிபந்தனைகளுடன் ஒப்புதலும் வழங்கியது.

ஊரார் உல்லாசப் பயணத்துறையை வெறுத்தவர்கள் அல்லர். அவர்களுடைய அன்றாட உணவே அதிலிருந்துதான் வந்தது. அவர்களுடைய அச்சம் அளவைப் பற்றியது.

பாறைக்கு என்ன நேரும்?

இதனைத் தோட்ட மக்களாகிய உங்களுக்கு விளக்குவது எளிது. பழைய பால்மரங்களை வெட்டிச் சாய்த்து மறுநடவுக்காக மேட்டு நிலத்தைத் திறந்து போட்டபின், முதல் பெருமழையில் கீழே ஓடும் ஆறு என்ன நிறம் கொள்கிறது? செந்நிறம். அதனைத் தடுக்கத்தானே படிக்கட்டுபோல் வரப்பு வெட்டுகிறோம், நிலத்தை மூடும் கொடிப்பயிர்களை விதைக்கிறோம்! கடற்கரையில் ஆயிரக்கணக்கான ஏக்கரைத் திறந்தாலும் அதே மண் கடலுக்குத்தான் போகும். பவளம் என்பது கல் அன்று. எண்ணற்ற சிற்றுயிர்களின் கூட்டம். அவ்வுயிர்களின் உடலில் வாழும் நுண்பாசிகள் வெயிலைக் கொண்டு உணவு ஆக்குகின்றன. நீர் கலங்கினால் வெயில் குறையும்; மண் படிந்தால் பவளம் மூச்சு முட்டும்.

கோல்ப் திடலின் புல்லுக்கு இடும் உரம் கடலில் கலந்தால் பாசி தழைத்துப் பவளத்தை மூடும். படகுத்துறைக்காகக் கடலைத் தோண்டினால் கரையோர மணலின் இயல்பான ஓட்டம் தடைப்படும். ஓரிடத்தில் மணல் குவியும். மற்றோரிடத்தில் கரை அரிக்கும். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, கடலைக் காட்டிலும் உப்பு மிகுந்த கழிவுநீரை வெளியேற்றும். இவை அனைத்தும் நீரோட்டத்தோடு பாறைக்கு வந்து சேரக்கூடும் என்று கடலாய்வாளர்களும் அஞ்சினர்.

வேலையைப் பற்றிய வாதம்

திட்டத்தை ஆதரித்தவர்களும் அப்பகுதியில் இருந்தனர். அவர்களை நாம் இழிவாக எண்ணலாகாது. வறண்ட நிலத்தில் வாழும் இளைஞனுக்கு வேலை என்பது சிறிய சொல் அன்று. ஆகவே இவ்வாதத்தை எடைபோட, அதே நாட்டின் மற்றொரு கரையைப் பார்ப்போம்.

மெக்சிகோவின் கிழக்குக் கரையில் கான்கூன் என்னும் நகரம் உள்ளது. 1970 அளவில் அங்கே விரல்விட்டு எண்ணத்தக்க மக்களே வாழ்ந்தனர். அரசாங்கம் திட்டமிட்டு அங்கு உல்லாசத்தலம் அமைத்தது. 2020-ஆம் ஆண்டு மக்கள் தொகைக் கணக்கெடுப்பின்படி அந்நகரில் எட்டு இலட்சத்து எண்பதாயிரத்துக்கும் மேற்பட்டோர் வாழ்ந்தனர். வேலை வந்தது என்பது உண்மை. ஆனால் விடுதிகளைக் கட்டிய கைகளுக்கும், அவற்றில் படுக்கை விரித்த கைகளுக்கும் வீடு எங்கே? கடற்கரையில் விடுதிகள் வரிசையாக எழுந்தன. தொழிலாளர்களோ நகரின் மறுபுறத்தில் குடிநீரும் வடிகாலும் இல்லாத குடியிருப்புகளைத் தாமே அமைத்துக்கொள்ள நேர்ந்தது. மேலும், கரையின் மணலைப் பிடித்து வைத்திருந்த மணல்மேடுகள்மீதே விடுதிகள் கட்டப்பட்டன. 2005 அக்டோபரில் வில்மா என்னும் சூறாவளி அடித்தபோது கடற்கரை மணல் பெருமளவு அடித்துச் செல்லப்பட்டது. அடுத்த ஆண்டு கடலடியிலிருந்து மணலை வாரிக் கரையில் கொட்டினார்கள். அதுவும் நிலைக்காமல் 2009, 2010 ஆண்டுகளில் மீண்டும் கொட்ட நேர்ந்தது.

காபோ புல்மோ மக்கள் இதனைக் கண்முன்னே கண்டவர்கள். தங்கள் கரையிலும் ஒரு கான்கூன் எழுவதையே அவர்கள் எதிர்த்தனர். கட்டி முடிக்கும்வரை ஒரு வகை வேலை, முடித்தபின் வேறு வகை வேலை என்பதையும், முதலில் வரும் ஆயிரக்கணக்கானோருள் உள்ளூரார் எத்தனை பேர் என்பதையும் கேட்டனர். இன்னொரு கேள்வியும் எழுந்தது: பாதியில் பணம் வற்றினால்? அது வெறுங்கற்பனை அன்று. ஸ்பெயினில் நிதி நெருக்கடி முற்றி, இத்திட்டத்தில் பங்கு கொண்டிருந்த சேமிப்பு வங்கியையே 2011-இல் அந்நாட்டு மத்திய வங்கி தன் பொறுப்பில் எடுக்க நேர்ந்தது.

முடிவு

ஊரார் தனித்து நிற்கவில்லை. ஆய்வாளர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் அவர்களோடு சேர்ந்தனர். மனுக்கள் குவிந்தன. 2012-ஆம் ஆண்டு ஜூன் 15-ஆம் நாள், அப்போதைய அதிபர் பெலிப்பே கால்டெரோன், திட்டத்தால் கேடு விளையாது என்பது ஐயமின்றி மெய்ப்பிக்கப்படவில்லை எனக் கூறி, திட்டம் கைவிடப்படுவதாக அறிவித்தார். 2014-இல் அதே நிலத்திற்கு வேறு பெயரில் வேறொரு பெருந்திட்டம் வந்தது; அதுவும் எதிர்ப்பால் திரும்பப் பெறப்பட்டது. ஒருமுறை வென்றதோடு கடமை முடிந்துவிடவில்லை என்பது இதிலிருந்து விளங்கும்.

நமக்குரிய பாடம்

கடலுக்கும் தோட்டத்திற்கும் என்ன தொடர்பு என்று நீங்கள் கேட்கலாம். நிலம் கைமாறும்போது அதில் வாழ்பவனைக் கேட்காமல் முடிவு செய்தால் என்ன நேரும் என்பதை நம் முன்னோர் 1950-களிலேயே கண்டனர். வெள்ளைக்காரர்களின் தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டபோது, தொழிலாளர்கள் வேலையையும் லயத்து வீட்டையும் ஒருங்கே இழந்தனர். அதற்கு விடையாகத்தான் 1960-இல் துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டங்களுக்கு உடைமையாளர் ஆயினர். காபோ புல்மோ மீனவர் வலையைச் சுருட்டி வைத்ததும், நம் பாட்டனார் பத்து வெள்ளியை எடுத்து வைத்ததும் ஒரே அறிவின் இரு வடிவங்கள். நாளைய வாழ்வுக்காக இன்றைய வாயைச் சற்றே கட்டினார்கள்.

நம் நாட்டில் இத்தகைய கேள்விகளைக் கேட்பதற்குச் சட்டமே வழி வகுத்துள்ளது. 1974-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 1987-இல் பிறந்த ஆணை, கடற்கரையில் 80 அறைகளுக்கு மேற்பட்ட விடுதி கட்டுவோர் அதன் விளைவுகளை முன்கூட்டியே ஆராய்ந்து அறிக்கை அளிக்க வேண்டும் என விதித்தது. பின்னர் 2015-ஆம் ஆண்டு ஆணை அதன் இடத்தைப் பெற்றது. இப்புதிய ஆணையின் இரண்டாம் அட்டவணையில் அடங்கும் பெருந்திட்டங்களின் அறிக்கை, பொதுமக்களின் பார்வைக்கு வைக்கப்பட்டு அவர்களுடைய கருத்துகள் கேட்கப்படும். படித்த பிள்ளைகள் அதனைப் படித்துப் பெரியவர்களுக்கு விளக்கலாம். குடிநீர் எங்கிருந்து வரும்? கழிவு எங்கே போகும்? எத்தகைய வேலை, எத்தனை ஆண்டுகளுக்கு? தொழிலாளர் எங்கே குடியிருப்பர்? திட்டம் பாதியில் நின்றால் திறந்து கிடக்கும் மண்ணுக்கு யார் பொறுப்பு? இவ்வைந்துக்கும் தெளிவான விடை உள்ள திட்டத்தை யாரும் அஞ்ச வேண்டியதில்லை. விடை இல்லாத திட்டத்தைப் பற்றி வினவுவது வளர்ச்சிக்குப் பகையும் அன்று.

இனி, அந்த அம்மையாரின் கேள்விக்கு வருவோம். தாயே, மகனை அனுப்புங்கள். விடுதி வேலை மதிப்புள்ள வேலைதான். ஆனால் போகுமுன் வேலை ஒப்பந்தத்தை எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். ஊழியர் சேம நிதிக்கும் சொக்சோவுக்கும் முதலாளி சந்தா கட்டுகிறாரா என்று கேட்கச் சொல்லுங்கள். சமையலோ மின்சாரமோ ஒரு கைத்தொழிலைக் கற்றுச் சான்றிதழ் பெறச் சொல்லுங்கள். அக்கரையின் மக்கள் கேள்வி கேட்டால், அவர்கள் தன் வேலையைப் பறிப்பவர்கள் என்று அவன் எண்ண வேண்டாம். கடலைக் காண்பதற்காகத்தான் விருந்தினர் அவ்விடுதிக்கு வருவர். கடல் கெட்டால் முதலில் வேலை இழப்பவன் அவனே.