கூகுளில் முதல் இடம்! பணம் கட்டலாமா?

வீட்டிலேயே மாவடு போட்டு விற்கிறார் ஓர் அம்மாள் என்று வைத்துக்கொள்வோம். மகன் அவருக்காக இணையத்தில் ஒரு பக்கம் திறந்து கொடுத்தான். பக்கம் இருக்கிறது. பார்க்கத்தான் ஆள் இல்லை!

கூகுளில் "மாவடு" என்று தேடினால், பெரிய கம்பெனிகள்தான் முன்னால் வந்து நிற்கின்றன.

அப்போது ஒரு விளம்பரம் கண்ணில் படுகிறது. "செயற்கை நுண்ணறிவுக் கருவி! உங்கள் எழுத்தைத் திருத்தி, முதல் இடத்துக்குக் கொண்டு போகும். மாதச் சந்தா கட்டுங்கள்!"

கட்டலாமா? ஊறுகாய் விற்ற காசு ஆயிற்றே!

மார்க்கு போடுவது யார்?

சர்பர், கிளியர்ஸ்கோப் என்று இப்படிப் பல கருவிகள் இருக்கின்றன. கூகுளில் முன்னால் நிற்கும் பக்கங்களை இவை படிக்கும். அவற்றில் வரும் சொற்களை எண்ணும். பிறகு நம் பக்கத்தைப் பார்த்து, "விளக்கெண்ணெய் பற்றி நீங்கள் எழுதவில்லை. சேருங்கள்" என்று சொல்லும். மார்க்கும் போடும்.

அந்த மார்க்கு கூகுள் போட்டது அல்ல. டியூசன் வாத்தியார் போடுகிற மார்க்கு! பரீட்சைப் பேப்பரைத் திருத்துகிறவர் வேறு ஆள்.

"முதல் இடத்துக்கு யாரும் உத்தரவாதம் தர முடியாது" என்று கூகுளே சொல்லியிருக்கிறது. உத்தரவாதம் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்.

வினை எங்கே?

எந்திரத்தைக் கொண்டு எழுதுவது குற்றம் அல்ல. 2023 பிப்ரவரியில் கூகுள் இதைத் தெளிவுபடுத்தியது. ஆனால் முன்னுக்கு வருவதற்காகவே, யாருக்கும் பயன் இல்லாத பக்கங்களைக் குவித்தால் தண்டனை உண்டு. இந்த விதியை 2024 மார்ச்சில் அறிவித்தார்கள். மனிதன் எழுதினாலும் சரி, எந்திரம் எழுதினாலும் சரி, அந்தப் பக்கம் பின்னால் போகும். அடியோடு மறைந்தும் போகலாம்.

ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பத் திணிப்பதும் அப்படித்தான்.

இன்னொன்று. மற்றவர்கள் எழுதியதைத்தான் கருவி எண்ணுகிறது. வடு உப்பில் எத்தனை நாள் ஊறியது, எப்போது சுருங்கியது என்பது அந்த அம்மாளுக்குத்தான் தெரியும். அதை அவரேதான் எழுத வேண்டும்.

தமிழ் தெரியுமா?

தமிழில் எழுதுகிறவர்கள் இதைக் கட்டாயம் சோதிக்க வேண்டும். மாவடு, மாவடுவை, மாவடுவுக்கு... நமக்கு மூன்றும் ஒரே பொருள்தான். கருவி இவற்றை மூன்று வேறு சொற்களாக எண்ணினால், அதன் கணக்கே தப்பு! வாங்குவதற்கு முன் உங்கள் பக்கம் ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எந்தெந்தப் பக்கங்களோடு ஒப்பிட்டது என்று காட்டுகிறதா? சந்தாவை எந்த மாதமும் நிறுத்த முடியுமா? இவற்றையும் கேளுங்கள்.

கூகுள் தரும் "சர்ச் கன்சோல்" என்ற கருவிக்குக் கட்டணம் இல்லை. எந்தச் சொல்லைத் தேடியவர்களுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது, எத்தனை பேர் உள்ளே வந்தார்கள் என்று அது காட்டும். இன்றைய எண்ணிக்கையை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். ஒரே ஒரு பக்கத்தை மட்டும் திருத்துங்கள். சில வாரம் கழித்து மறுபடி பாருங்கள். எண்ணிக்கை ஏறியிருந்தால், அப்புறம் சந்தாவைப் பற்றி யோசிக்கலாம்.