உயிர் காக்கும் மூன்றாவது கால்!
பழைய ரேடியோவும் இஸ்திரிப் பெட்டியும் வீட்டில் இருக்கிறதா? இதைப் படியுங்கள்

பல வீடுகளில் பரண் மேல் ஒரு பழைய பொருள் இருக்கும். தாத்தா வாங்கிய வால்வு ரேடியோவாக இருக்கலாம். சீதனமாக வந்த கனத்த இஸ்திரிப் பெட்டியாக இருக்கலாம். சிங்கப்பூரிலிருந்து மாமா கொண்டு வந்த மேஜை விசிறியாகவும் இருக்கலாம்.

பண்டிகைக்கு வீடு சுத்தம் செய்யும்போது அது கீழே இறங்குகிறது. "இன்னும் ஓடுகிறதா, பார்க்கலாமே!" என்று யாராவது ஒருவர் பிளக்கைச் சொருகப் போகிறார்.

கொஞ்சம் பொறுங்கள்! முதலில் அந்தப் பிளக்குக்கு எத்தனை கால் என்று எண்ணிப் பாருங்கள்.

இரண்டு காலா, மூன்று காலா?

மின்சாரம் ஒரு கம்பி வழியாக வருகிறது; இன்னொரு கம்பி வழியாகத் திரும்புகிறது. வருவதை 'பேஸ்' என்பார்கள். திரும்புவதை 'நியூட்ரல்' என்பார்கள். விளக்கு எரியவும் விசிறி சுழலவும் இந்த இரண்டே போதும். அதனால்தான் பழைய சாமான்கள் பலவற்றுக்கு இரண்டு கால் பிளக் இருந்தது.

அப்படியானால் மூன்றாவது கால் எதற்கு? பொருள் ஓடுவதற்காக அல்ல. நாம் உயிரோடு இருப்பதற்காக!

இஸ்திரிப் பெட்டியை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் உடம்பு இரும்பு. உள்ளே சூடாகும் கம்பி. இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் இருக்க, நடுவே மைக்கா தகடு. வருஷங்கள் ஓடுகின்றன. மைக்கா உடைகிறது, அல்லது வயரின் மேல்தோல் தேய்கிறது. உள்ளே இருக்கும் பேஸ் கம்பி இரும்பு உடம்பைத் தொட்டு விடுகிறது. வெளியே பார்த்தால் எதுவும் தெரியாது. ஆனால் பெட்டி முழுவதும் 230 வோல்ட்!

ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்பவர் அதைத் தொடுகிறார். மின்சாரம் அவர் உடம்பு வழியாகத் தரைக்கு இறங்குகிறது.

மூன்றாவது கால் இருந்தால்? பெட்டியின் உடம்பிலிருந்து ஒரு கம்பி அந்தக் கால் வழியாக நேரே பூமிக்குப் போகிறது. அதுதான் 'எர்த்'. மின்சாரம் அந்தச் சுலபமான வழியில் பாய்கிறது. பெருவெள்ளமாகப் பாய்வதால் பியூஸ் எரிந்து, மின்சாரம் நின்று விடுகிறது.

பியூஸ் போதாதா?

"பியூஸ்தான் இருக்கிறதே, பயம் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். கணக்கைப் பாருங்கள். 5 ஆம்பியர் பியூஸ், அதற்கு மேல் மின்சாரம் பாய்ந்தால்தான் எரியும். ஒரு மனிதரின் இதயத்தை நிறுத்த ஓர் ஆம்பியரில் பத்தில் ஒரு பங்கே போதும். பியூஸுக்கு அது உறைக்கவே உறைக்காது. பியூஸ் கம்பியைக் காக்கும். எர்த் இல்லாத இடத்தில் மனிதரைக் காக்காது.

ஏன் பெரிய கால்?

நம் நாட்டுப் பிளக்கின் உருண்டைக் கால்கள் பிரிட்டனிலிருந்து வந்தவை. 1934-ல் அங்கே வெளியான தர விதி அது. 1947-ல் பிரிட்டன் தட்டைக் கால் பிளக்குக்கு மாறத் தொடங்கியது. நாம் உருண்டைக் காலையே வைத்துக் கொண்டோம். அன்று 5 ஆம்பியர், 15 ஆம்பியர் என்றார்கள். இன்று 6, 16 என்று அச்சிடுகிறார்கள்.

அதில் எர்த் கால் மட்டும் நீளம், பருமனும் அதிகம். ஏன் தெரியுமா? நீளமாக இருப்பதால், சொருகும்போது அதுதான் முதலில் தொடும். பிடுங்கும்போது கடைசியில்தான் விலகும். மின்சாரம் வருமுன் காவல் வந்து விடுகிறது. மின்சாரம் போன பிறகே காவல் போகிறது! பருமனாக இருப்பதால், தவறிப் போய்க்கூட அதை மற்றத் துளைகளில் நுழைக்க முடியாது.

ரேடியோவில் ஒரு விசேஷ ஆபத்து

சென்னை வானொலி நிலையம் தொடங்கியது 1938-ல். அதற்குப் பின் பல ஆண்டுகள், வீட்டில் ரேடியோ என்றால் வால்வு ரேடியோதான். அந்த நாளில் கல்கத்தா போன்ற நகரங்களில் சில பகுதிகளுக்கு டி.சி. மின்சாரம் வந்தது. டி.சி.யில் டிரான்ஸ்பார்மர் வேலை செய்யாது. ஆகவே இரண்டிலும் பாடும் 'ஏ.சி.-டி.சி.' ரேடியோக்களை டிரான்ஸ்பார்மர் இல்லாமலே செய்தார்கள்.

இவற்றில் பலவற்றுக்கு உள்ளே இருக்கும் இரும்புத் தகடே மின்சாரக் கம்பியோடு சேர்ந்திருக்கும். இரண்டு கால் பிளக்கை எப்படியும் சொருகலாம் அல்லவா? ஒரு பக்கமாகச் சொருகினால் சாதுவாக இருக்கும். திருப்பிச் சொருகினால் தகடு முழுவதும் ஷாக்! மேலே இருக்கும் பேக்லைட் குமிழ்தான் நம்மைக் காப்பது. குமிழ் உடைந்து இரும்புத் தண்டு வெளியே தெரிந்தால் தொடவே கூடாது. இந்த வகை ரேடியோவில் எர்த் கம்பியைத் தகட்டில் கட்டுவதும் தவறு. விவரம் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுப்பதே வழி. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கண்டன்சரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். குழந்தைகளைத் திறக்க விடாதீர்கள்.

சுவரில் துளை உண்டு, எர்த் உண்டா?

பிளக்கை மாற்றி விட்டால் மட்டும் போதாது. பழைய வீடுகள் சிலவற்றில் மூன்று துளை இருக்கும். ஆனால் மூன்றாவது துளைக்குப் பின்னால் கம்பியே இருக்காது!

இன்னொரு வேடிக்கை. முன்பு சில வீடுகளில் எர்த் கம்பியை இரும்புத் தண்ணீர்க் குழாயில் கட்டினார்கள். குழாய் பூமிக்குள் போனதால் அது வேலை செய்தது. பிறகு குழாய் துருப்பிடித்தது. பிளாஸ்டிக் குழாய் போட்டார்கள். தண்ணீர் வருகிறது, எர்த் போய் விட்டது! வீட்டாருக்கு அது தெரியாது.

வேறு சிலர் எர்த் துளையை நியூட்ரலோடு முடிந்து விடுவார்கள். இது எமனை அழைப்பது போல. நியூட்ரல் கம்பி எங்காவது அறுந்தால், பெட்டியின் உடம்புக்கே மின்சாரம் வந்து விடும்.

செய்ய வேண்டியவை

லைசென்ஸ் பெற்ற எலக்ட்ரீஷியனை அழைத்து, ஒவ்வொரு துளையிலும் எர்த் வருகிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

எர்த் குழிக்குக் கோடையில் தண்ணீர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் மின்சாரம் சரியாக இறங்காது.

30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே மின்சாரத்தை வெட்டி விடும் 'ஆர்.சி.சி.பி.' என்ற கருவி இன்று கிடைக்கிறது. மெயின் பெட்டியில் அதைப் பொருத்துங்கள்.

நூல் சுற்றிய பழைய வயரில் ரப்பர் உதிர்ந்தால், ஒட்டுப் போடாதீர்கள். புது வயர் மாற்றுங்கள்.

அமெரிக்காவிலிருந்து வந்த பொருளா? அது 120 வோல்ட்டுக்குச் செய்தது. நம் பழைய வயரிங்கில் கறுப்பு என்றால் நியூட்ரல். அங்கே கறுப்புதான் பேஸ்! நிறத்தை நம்பிக் கை வைக்காதீர்கள்.

மூன்று கால் பிளக் இரண்டு துளையில் நுழையவில்லை என்று எர்த் காலைக் கழற்றி எறிபவர்கள் இன்றும் உண்டு. பித்தளைத் துண்டுதானே என்று நினைக்கிறார்கள். அவர்கள் கழற்றி எறிவது வீட்டில் உள்ளவர்களின் காவலை!