புரட்டிப் படுக்கவைத்தவர்கள்

மார்கரெட் மீட் என்ற புகழ்பெற்ற மானுடவியலாளரைப் பற்றி ஒரு கதை வாட்ஸ்அப்பில் விடாமல் சுற்றி வருகிறது. நாகரிகத்தின் முதல் அடையாளம் எது என்று ஒரு மாணவர் அவரிடம் கேட்டாராம். மண்பானை, தூண்டில் முள், அரைக்கும் கல் என்று ஏதாவது சொல்வார் என்று பார்த்தால், முறிந்து பிறகு கூடிய தொடை எலும்பு என்றாராம் மீட். காட்டில் கால் முறிந்த விலங்கு இரையாகிவிடும். எலும்பு கூடியிருக்கிறது என்றால், அது கூடும்வரை யாரோ பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் மீடின் எழுத்துகளில் இப்படி ஒரு கூற்று கிடைக்கவில்லை. அவருடைய உரை ஒன்றில் கேட்டதாக இதை 1980இல் ஒரு நூலில் பதிவு செய்தவர் டாக்டர் பால் பிராண்ட். கொல்லிமலையில் பிறந்து, வேலூர் சிஎம்சியில் தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டியவர் அவர். நினைவிலிருந்து எழுதிய அந்தச் செய்தியைத்தான் நாம் இன்று கைமாற்றிக்கொண்டிருக்கிறோம். அறிவியலாகப் பார்த்தால் அது நிற்காது என்பது வேறு. காட்டில் வாழும் கிப்பன் குரங்குகளின் எலும்புக்கூடுகளை ஆராய்ந்தவர்கள், யாரும் கட்டுப் போடாமலே முறிந்து கூடிய எலும்புகளை நிறையவே கண்டிருக்கிறார்கள். ஒரு எலும்பு தானாகவும் கூடும். ஆகவே மனிதர் மனிதரைப் பார்த்துக்கொண்டார்கள் என்பதற்கு இதைவிட வலுவான சாட்சி வேண்டும்.

அப்படிப்பட்ட சாட்சியைத் தேடியவர்கள் எளிதில் வெற்றி பெறவில்லை. ஜார்ஜியா நாட்டின் த்மானிசியில் கிடைத்த, 17 லட்சம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான ஒரு மண்டையோட்டில் ஒரே ஒரு பல்லைத் தவிர மற்ற எல்லாம் சாவதற்குப் பல ஆண்டுகள் முன்பே விழுந்து, பல்குழிகள் தூர்ந்துபோயிருந்தன. பொக்கை வாயோடு அவர் வாழ்ந்திருக்கிறார் என்றால் யாரோ மென்மையான உணவைத் தேடிக் கொடுத்திருக்க வேண்டும் என்றார்கள். உடனே மறுப்பு வந்தது: பல் போன சிம்பன்சிகளும் காட்டில் பிழைத்துக் கிடக்கின்றனவே? நியாயமான மறுப்புதான். வட ஈராக்கின் ஷானிதார் குகையில் 1957இல் ரால்ஃப் சொலெக்கி கண்டெடுத்த நியாண்டர்தால் மனிதரின் கதை இன்னும் சற்று வலுவானது. இடது கண்ணைச் சுற்றி எலும்பு நொறுங்கி ஆறியிருந்தது, அந்தக் கண்ணில் பார்வை இருந்திருக்காது. வலது கை சூம்பி, முழங்கைக்குக் கீழே இல்லாமல் போயிருந்தது. காதுத் துளைகளில் எலும்பு வளர்ந்து அடைத்திருந்தது. இவ்வளவுக்குப் பிறகும் அவர் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறார். இருந்தாலும் அவரால் நடக்க முடிந்தது, ஒரு கையால் பிடிக்க முடிந்தது. எவ்வளவு தூரம் தானே சமாளித்தார், எவ்வளவு தூரம் பிறர் தாங்கினார்கள் என்று பிரித்துச் சொல்ல வழியில்லை. அதே குகையில் விலா எலும்பில் கூர்முனை பாய்ந்த இன்னொருவரும் கிடந்தார் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். அந்தக் காலத்து மனிதர்களைக் கருணையின் உருவங்களாக்குவது என் நோக்கமில்லை.

தானே சமாளித்திருக்கவே முடியாத ஒருவரின் எலும்புதான் இந்த வழக்கைத் தீர்க்கும். அது 2007இல் வட வியட்நாமின் மான் பாக் என்ற புதைகுழிப் பகுதியில் கிடைத்தது. ஏறத்தாழ 4,000 ஆண்டுகளுக்கு முன், மீன் பிடித்தும் வேட்டையாடியும் பன்றி வளர்த்தும் வாழ்ந்த, உலோகம் அறியாத சிறு சமூகம் அது. சுற்றிலும் மற்றவர்கள் நேராகக் கிடத்தப்பட்டிருக்க, ஒருவர் மட்டும் கைகால் மடங்கிய நிலையில் கிடந்தார். கழுத்து எலும்புகள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன. பிறவியிலேயே வந்த கோளாறு அது. கைகால் எலும்புகள் பயன்பாடே இல்லாமல் மெலிந்திருந்தன. தாடை மூட்டு தேய்ந்திருந்தது, மெல்லுவதே கடினமாக இருந்திருக்கும். பதின்வயதில் இடுப்புக்குக் கீழாவது செயலிழந்திருக்க வேண்டும். கைகளிலும் மிஞ்சிப்போனால் சிறிதளவே அசைவு இருந்திருக்கும். அப்படி ஆன பிறகும் அவர் ஏறத்தாழ பத்தாண்டுகள் வாழ்ந்து இருபதுகளில் இறந்தார். ஆஸ்திரேலியத் தேசியப் பல்கலைக்கழகத்தின் லோர்னா டில்லியும் மார்க் ஆக்சன்ஹாமும் இவரை ஆராய்ந்து 2011இல் எழுதினார்கள். எலும்பிலிருந்து நோயை அறிந்து, அந்த நோயோடு அந்த ஊரில், அந்தக் காலத்தில் வாழ என்னென்ன உதவி தேவைப்பட்டிருக்கும் என்று படிப்படியாகக் கணக்கிடும் முறையையும் டில்லி உருவாக்கினார். பராமரிப்பின் தொல்லியல் என்று ஒரு துறையே அதிலிருந்து கிளைத்திருக்கிறது.

அசைய முடியாத உடலுக்கு என்ன தேவை என்பது, வீட்டில் படுத்த படுக்கையாக ஒருவரை வைத்துப் பார்த்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஒரே பக்கமாகக் கிடந்தால் எலும்பு துருத்தும் இடங்களில், பிட்டத்துக்கு மேலே, இடுப்புப் பக்கத்தில், குதிகாலில், தோல் முதலில் சிவக்கும். அடுத்து கொப்புளித்து உரியும். கவனிக்காமல் விட்டால் எலும்பு தெரியும் அளவுக்குக் குழி விழும். படுக்கைப்புண் வந்த பிறகு ஆற்றுவதைவிட வராமல் காப்பதுதான் வழி என்பதால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்கச் சொல்வார்கள் செவிலியர்கள். தலையைத் தூக்கிப் பிடிக்காமல் ஊட்டினால் கஞ்சி மூச்சுக்குழாயில் இறங்கி நிமோனியாவில் முடியும். தண்ணீர் குறைந்தால் சிறுநீரில் தொற்று. மலம் கழித்ததும் துடைத்து, கழுவி, ஈரம் போக ஒற்றி எடுத்து, துணி மாற்ற வேண்டும். மான் பாக் இளைஞருக்கு நீர் மெத்தை கிடையாது, ஆன்டிபயாடிக் கிடையாது, சிறுநீர்க் குழாய் கிடையாது. செவிலியர் சொல்லும் கணக்கில் பாதிதான் செய்தார்கள் என்று வைத்தாலும், பத்தாண்டுகளில் இருபதாயிரம் தடவைக்கு மேல் அவரை யாரோ புரட்டியிருக்கிறார்கள். நடு இரவிலும், மழைக்காலத்திலும், மீன் கிடைக்காத நாளிலும். ஒரே ஒரு ஆள் இதைப் பத்தாண்டு செய்திருப்பார் என்று நம்புவது கடினம். அவருக்கும் காய்ச்சல் வந்திருக்கும், பிள்ளை பிறந்திருக்கும். கைமாற்றிக் கைமாற்றிச் செய்தால்தான் இவ்வளவு காலம் ஓடும்.

இங்கே ஒரு கேள்வி எழும். அவர்கள் அன்பால்தான் செய்தார்கள் என்று எலும்பு சொல்லுமா? பயத்தால் செய்திருக்கலாம், தெய்வக் குற்றம் என்று அஞ்சியிருக்கலாம், அவர் ஏதோ முக்கியமான குடும்பத்துப் பிள்ளையாக இருந்திருக்கலாம். உண்மைதான், மனநிலை புதைபடிவமாவதில்லை. எனக்கு இது குறையாகத் தோன்றவில்லை. பிறர்மேல் அக்கறை என்றால் என்ன என்ற கேள்விக்கு நாம் வழக்கமாக நெஞ்சுக்குள் விடை தேடுகிறோம்: உருகினாரா, கண் கலங்கினாரா, மனதாரச் செய்தாரா என்று. படுக்கையில் கிடப்பவரின் தோலுக்கு இந்த விவரம் எதுவும் தேவையில்லை. நேரத்துக்குப் புரட்டினார்களா என்பதுதான் அதற்கு வேண்டும். எரிச்சலோடு எழுந்து வந்து, ஆனாலும் பதமாகப் புரட்டிவிட்டுப் போன கையும் அக்கறையின் கைதான். அன்பு இருந்தால் அந்தக் கை நீண்ட காலம் ஓயாமல் வரும், மறுக்கவில்லை. ஆனால் அன்பை மட்டும் வைத்து அந்தக் கை வந்துவிடாது. வர நேரம் வேண்டும், பலம் வேண்டும், தான் ஓயும்போது ஏற்றுக்கொள்ள இன்னொரு கை வேண்டும்.

நேரத்தைப் பற்றி ஒரு பழைய சோதனை உண்டு. அமெரிக்காவில் பிரின்ஸ்டன் இறையியல் கல்லூரி மாணவர்கள் 40 பேரை வைத்து ஜான் டார்லியும் டேனியல் பேட்சனும் செய்தது, 1973இல் வெளியானது. மாணவர்களை ஓர் உரை நிகழ்த்த அடுத்த கட்டடத்துக்கு அனுப்பினார்கள். வழியில் ஒருவர் வாசற்படியோரம் சுருண்டு கிடந்து, இருமி முனகிக்கொண்டிருந்தார், அது ஏற்பாடு. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் நின்று உதவினார்கள். ஏற்கெனவே தாமதமாகிவிட்டது என்று விரட்டப்பட்டவர்களில் உதவியவர்கள் 10 விழுக்காடு மட்டுமே. பாதிப் பேர் பேசப் போன தலைப்பே வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் உவமைதான். அதை மனதில் ஏந்திச் சென்றது குறிப்பிடத்தக்க வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை. சிறிய சோதனைதான், இதை வைத்து மனித குலத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ஆனால் இறைப்பணிக்கென்று வந்தவர்களையே அவசரம் இப்படிக் கடந்துபோக வைக்கிறது என்றால், ஒருவர் உதவாதபோது அவர் மனம் கல் என்று முடிவு கட்டும் நம் பழக்கத்தைக் கொஞ்சம் நிறுத்திவைக்கலாம்.

இடைவிடாமல் பிறரைப் பார்த்துக்கொள்பவரின் உடலில் என்ன நடக்கிறது என்பதையும் அளந்திருக்கிறார்கள். ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் ஜேனிஸ் கீகோல்ட்-கிளேசர் குழு, மறதிநோய் கண்ட உறவினரை வீட்டில் வைத்துப் பார்க்கும் 13 பெண்களையும், ஏறக்குறைய அதே வயதும் வருமானமும் கொண்ட, அந்தப் பொறுப்பு இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கொண்டது. எல்லோருடைய முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரே மாதிரி சிறு காயம் செய்து, அது எப்போது ஆறுகிறது என்று பார்த்தார்கள். பொறுப்பு இல்லாதவர்களுக்குச் சராசரியாக 39.3 நாளில் ஆறியது. பராமரிப்பவர்களுக்கு 48.7 நாள் ஆனது. 1995இல் லான்செட் இதழில் வந்த இந்த முடிவை நான் பலமுறை யோசித்திருக்கிறேன். இடைவிடாத மன அழுத்தம் நோய் எதிர்ப்பு மண்டலத்தின் வேலையை மந்தமாக்குகிறது. காயத்துக்கு வந்து சேர வேண்டிய செல்களுக்கு ஆணையிடும் வேதிப்பொருள்கள் குறைகின்றன. தியாகம், பொறுமை, தாய்மை என்று நாம் பெயர் சூட்டிப் பாராட்டும் அந்த உழைப்பு, செய்பவரின் தோலில் ஒன்பது நாள் தாமதமாகத் தெரிகிறது. பாராட்டினால் அந்த ஒன்பது நாள் குறையப்போவதில்லை.

நம் ஊரில் அந்த விலையை யார் கொடுக்கிறார்கள் என்பது ஊரறிந்த விஷயம். மத்திய அரசின் 2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லாத வீட்டு வேலையில் ஈடுபட்ட பெண்கள் அதற்கு நாளொன்றுக்கு 299 நிமிடம் செலவிட்டார்கள். ஆண்கள் 97 நிமிடம். வீட்டில் உள்ளவர்களைப் பராமரிப்பதில் பெண்கள் 134 நிமிடம், ஆண்கள் 76 நிமிடம். பெற்றவரை, கட்டியவரைப் பார்த்துக்கொள்வது குடும்பத்தின் கடமை, அதில் வெளியாருக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியில் உண்மையான அக்கறையும் இருக்கிறது: முதியவர்களை விடுதியில் தள்ளிவிட இது சாக்காகிவிடுமோ என்ற பயம். ஆனால் நடைமுறையில் குடும்பம் என்பது பெரும்பாலும் ஒரு மருமகள் அல்லது ஒரு மகள். முன்பு கூட்டுக் குடும்பத்தில் ஐந்தாறு கைகளில் பிரிந்த வேலை, இரண்டு அறை வாடகை வீட்டில் ஒரே ஆள்மேல் இறங்கியிருக்கிறது. வெளியிலிருந்து ஒரு கை வந்தால் அந்தக் குடும்பம் உடையாது, நின்று தாக்குப்பிடிக்கும். இதற்குச் சான்று தேடி அதிக தூரம் போக வேண்டாம். கோழிக்கோடு மருத்துவக் கல்லூரியில் 1993இல் எம்.ஆர். ராஜகோபாலும் சுரேஷ் குமாரும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய வலி நிவாரண அமைப்பு, பின்னர் ஊர்தோறும் தன்னார்வலர்களைப் பழக்கி, செவிலியரோடு நோயாளியின் வீட்டுக்கே போகும் வலையாக விரிந்தது. 2008இல் கேரள அரசு அதைத் தன் கொள்கையாகவே ஏற்றது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளோடு இயன்முறை சிகிச்சையையும் வலி தணிக்கும் பராமரிப்பையும் வீட்டு வாசலுக்குக் கொண்டுபோகிறது.

இவை வந்து போகும் கைகள். இருபத்து நான்கு மணி நேரமும் கூடவே இருப்பவருக்கு ஓய்வு கொடுக்கும் ஏற்பாடுதான் இன்னும் மெலிந்து கிடக்கிறது. அதிக உதவி தேவைப்படும் மாற்றுத்திறனாளிகளுக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமே குறிப்பிடுகிறது. அந்தப் படி கௌரவமான தொகையாக, கேட்டு அலையாமல் கைக்கு வர வேண்டும். வாரத்தில் ஒரு நாள் படுக்கையில் இருப்பவரை நம்பி விட்டுப் போகக்கூடிய பகல்நேர மையம் ஒன்றாவது ஒவ்வொரு ஒன்றியத்திலும் வேண்டும். உள்ளாட்சித் தேர்தலில் வாக்குக் கேட்டு வருபவர்களிடம் இதைக் கேளுங்கள். அதுவரை, உங்கள் தெருவில் படுத்த படுக்கையாக ஒருவர் இருக்கும் வீடு எது என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். நலம் விசாரித்து, பழம் கொடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். எப்படிப் புரட்டுவது, எப்படி ஊட்டுவது என்று அவரைப் பார்த்துக்கொள்பவரிடமே கேட்டுக் கற்றுக்கொண்டு, வாரம் ஒரு மதியம் நான் பார்த்துக்கொள்கிறேன், நீங்கள் போய்த் தூங்குங்கள் என்று சொல்லுங்கள்.