தானுந்து மின்னேற்றத் தொகுதிச் சோதனை

தானுந்தின் மின்னேற்றத் தொகுதி என்பது, பொறி இயங்கும்போது மின்கலத்தை மின்னேற்றி, விளக்கு முதலிய கருவிகளுக்கும் மின்சாரம் வழங்கும் அமைப்பாகும். ஆல்டர்னேட்டர், மின்னழுத்தச் சீராக்கி, மின்கலம், இணைப்புக் கம்பிகள் ஆகியன இதன் உறுப்புகள். தமிழ்நாட்டில், 1961 இல் தொடங்கப்பட்ட லூகாஸ் டிவிஎஸ் நிறுவனம் ஆல்டர்னேட்டர்களைத் தயாரிக்கிறது.

வண்டி கிளம்பாவிடில் மின்கலத்தை மாற்றிவிடுவது பொது வழக்கம். பழுது ஆல்டர்னேட்டரில் இருந்தால் புது மின்கலமும் விரைவில் தீர்ந்துவிடும். எனவே முதலில் அளந்து பார்த்தல் வேண்டும்.

சோதனை முறை

12 வோல்ட்டு ஈய-அமில மின்கலத்துக்கு, மல்டிமீட்டரை நேர்மின்னழுத்தம் 20 வோல்ட்டு நிலையில் வைத்து, சிவப்பு முனையை மின்கலத்தின் நேர்முனையிலும் கறுப்பு முனையை எதிர்முனையிலும் தொட வேண்டும்.

1. பொறி சில மணி நேரம் ஓய்ந்திருக்கையில்: ஏறத்தாழ 12.6 வோல்ட்டு எனில் முழு மின்னேற்றம். 12 வோல்ட்டுக்குக் கீழ் எனில் மின்கலம் பெரிதும் தீர்ந்துள்ளது.
2. பொறி இயங்குகையில்: பொதுவாக 13.8 முதல் 14.5 வோல்ட்டு. உயராவிடில் பட்டை, ஆல்டர்னேட்டர், கம்பிகளை ஆராய வேண்டும். 15 வோல்ட்டைத் தாண்டினால் சீராக்கி பழுது.
3. முகப்பு விளக்கை எரியவிட்டு, ஆல்டர்னேட்டரின் வெளியீட்டு முனைக்கும் மின்கல நேர்முனைக்கும் இடையே: 0.5 வோல்ட்டுக்கு மேல் எனில் இணைப்பில் துரு அல்லது தளர்வு இருக்கலாம்.

சில புதிய தானுந்துகளில் கணினி மின்னழுத்தத்தை மாற்றிக்கொண்டே இருக்கும். அவற்றுக்குத் தயாரிப்பாளர் கையேட்டின் அளவுகளே பொருந்தும்.

எச்சரிக்கை

பொறி இயங்கும்போது மின்கல இணைப்பைக் கழற்றிச் சோதிக்கும் பழைய முறை ஆபத்தானது. அப்போது எழும் மிகை மின்னழுத்தம் மின்னணுக் கருவிகளைப் பழுதாக்கிவிடும்.