கடலோர நகரும் மழைமானியும்

2005-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 26-ஆம் நாள் மும்பை நகரில் பெருமழை பெய்தது. வடபகுதியிலுள்ள சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. தென்கோடியிலுள்ள கொலாபா நிலையத்திலோ சுமார் 74 மில்லிமீட்டரே பதிவாயிற்று. இவ்விரு நிலையங்களுக்கும் இடைப்பட்ட தொலைவு 25 கிலோமீட்டருக்கும் குறைவு. அவ்வெள்ளத்தில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர். ஒரு மாநகரின் மழையை இரண்டொரு மழைமானிகளைக் கொண்டு அறிய இயலாது என்பது அன்று தெளிவாயிற்று.

வெள்ளத்திற்குக் காரணம் மழை மட்டுமன்று. அந்நகரின் பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையை, அதுவும் கடல் வற்றியிருக்கும் வேளையில், வெளியேற்றுமாறு அமைக்கப்பட்டவை. ஓதம் உயருங்கால் கடல்நீர் வடிகால் வாய்களை மறித்துக்கொள்ள, மழைநீர் நகரிலேயே தேங்குகிறது. மித்தி ஆற்றையொட்டிய சதுப்பு நிலங்கள் மண்ணிட்டு நிரப்பப்பட்டமையால், நீர் பரவித் தங்கும் இடமும் குறைந்துபோயிற்று.

ஆகவே, கடலோர நகரைத் திட்டமிடுவோர் மூன்று செய்திகளை ஒருங்கே அறிதல் வேண்டும்: எவ்விடத்தில் எவ்வளவு மழை பெய்கிறது; அவ்விடத்து நிலம் எவ்வளவு உயரமானது; அவ்வேளையில் கடல்மட்டம் யாது. 2006 முதல் மும்பையின் பல பகுதிகளில் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன. 2020 ஜூனில் மத்திய புவி அறிவியல் அமைச்சகம், மாநகராட்சியுடன் இணைந்து, 'ஐஃப்ளோஸ்-மும்பை' என்னும் வெள்ள எச்சரிக்கை முறையைத் தொடங்கிற்று. மழை முன்னறிவிப்பு, நில உயரம், வடிகால், ஓதம் ஆகியவற்றைக் கணிப்பொறி ஒருசேர ஆராய்ந்து, எப்பகுதியில் நீர் தேங்கக்கூடும் என முன்கூட்டியே மதிப்பிடுகிறது.

எச்சரிக்கை, மக்களை உரிய வேளையில் அப்புறப்படுத்த உதவும். ஆயினும் நீர் தேங்கும் தாழ்நிலத்தில் புதிய குடியிருப்பு எழாமல் காப்பது நகரத் திட்டத்தின் கடமையே. எச்சதுப்பை விட்டுவைப்பது, எங்கு நீரேற்று நிலையம் அமைப்பது, எக்கட்டடத்திற்கு இசைவு மறுப்பது என்பனவற்றை முடிவுசெய்ய அதே வெள்ள வரைபடம் துணைசெய்யும்.

கணிப்பொறிக்கு நாம் தருவதே தெரியும். மழைமானியின் வாயில் இலை அடைத்திருந்தாலும், நிரப்பப்பட்ட குளமொன்று வரைபடத்தில் இன்னும் குளமாகவே இருந்தாலும், கணக்குப் பிழைபடும். எனவே களப்பணியாளர்கள் ஒவ்வொரு வெள்ளத்திற்குப் பின்னும் சுவர்களில் காணும் நீர்க்கறையின் உயரத்தை அளந்து, இடமும் நாளும் குறித்து வைத்தல் நன்று. ஆசிரியர்கள் பள்ளி முற்றத்தில் ஒரு மழைமானியை நிறுத்தி, அளக்கும் பழக்கத்தை மாணவர்க்குக் கற்பிக்கலாம். தம் ஊரில் நீர் எங்குத் தங்குமென அறிந்த மாணவன், நாளை அங்கு வீடு கட்ட ஒருப்படான்.